மர்ஸூக் விழுங்கிய மாத்திரைகள்

பதுளை பஸாரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜனாப் மர்ஸூக் அவர்கள் நோயே இல்லாமல் தின்ற மாத்திரைகள், நோயாளிகள் பலர் தின்றதைவிட அதிகம். இதற்கு அவர் பொறுப்பல்ல, அரசாங்கமே பொறுப்பு.

எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கத்துக்கு ஒரு ஞானம் பிறந்தது. ஒரு மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனி, வேறு யாரும் அதைச் செய்யக் கூடாதென்று காப்புரிமை வாங்கிக்கொள்கிறது. அந்த உரிமைக் காலம் முடிந்து ஊர் உலகமெல்லாம் அதைச் செய்யத் தொடங்கிய பிறகும், கம்பெனி வைத்த பெயருக்காக நாம் பழைய விலையையே அழுதுகொண்டிருந்தோம். இனி மருந்தை அதன் சொந்தப் பெயரில், மலிவாகக் கொடுப்பவனிடம் மொத்தமாக வாங்குவது என்று கொழும்பில் முடிவாயிற்று. அருமையான முடிவு. அதைத் தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு விளக்கும் சிறு வேலையை மட்டும் கொழும்பு மறந்துவிட்டது. அது மர்ஸூக்கின் தலையில் விழுந்தது.

ரோஸ் நிற மாத்திரை போய் வெள்ளை மாத்திரை வந்தது. விலை நாலில் ஒரு பங்கு. சந்தேகமே அதனால்தான்.

“இவ்வளவு மலிவா இருக்கே மொதலாளி, இது மருந்தா சுண்ணாம்பா?”

நாளொன்றுக்கு முப்பது பேருக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்த ஒரு மத்தியானம், மர்ஸூக் பேசாமல் ஒன்றை எடுத்து விழுங்கிக் காட்டினார். அங்கேதான் பிசகிற்று. மொதலாளி விழுங்கினால்தான் மருந்து என்ற செய்தி லுணுகலை வரை போய்விட்டது. அன்று முதல் அவர் ருசி பார்க்காத மாத்திரை விலை போகவில்லை.

“இந்தக் கிழமை பூச்சி மாத்திரை எத்தினை?” என்று கேட்டார் அவர் மனைவி ஸவாஹிரா.

“நாலு.”

“இனி உங்கட வயித்துக்குள்ள பூச்சி எட்டிப் பாக்கவும் துணியாது.”

சிரிக்கவும் அவருக்குத் தெம்பில்லை.

அப்போதுதான் தெமோதரைத் தோட்டமொன்றிலிருந்து கருப்பம்மா வந்தாள். அவள் புருஷன் தம்பையாவுக்கு வலிப்பு. வேலையோ தேயிலை அரைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளை மாத்திரையை அவன் விழுங்காமல் அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தான். போன கிழமை விழுந்துவிட்டான். மிஷினுக்கு ஒரு சாண் தள்ளி.

“இன்னொரு தடவ விழுந்தா மிஷினுக்குள்ளதாங்க. நீங்க முழுங்குறத அவரு கண்ணால பாக்கணுமாம்.”

“இங்க கூட்டிட்டு வா தங்கச்சி.”

“பஸ்ஸுல இழுத்துக்கிருமோன்னு பயப்படுறாருங்க.”

மர்ஸூக் பெருமூச்சு விட்டார். கடையைப் பூட்டினார். பஸ் ஏறினார்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், இஸ்தோப்புத் திண்ணையில் தம்பையா குந்தியிருந்தான்.

“வாங்க மொதலாளி. முழுங்குங்க.”

சுகம் விசாரிக்கும் வழக்கம்கூட ஒழிந்துபோயிருந்தது. வலிப்பு மாத்திரை அவர் இதுவரை தொடாதது. சற்றுத் தயங்கி, கருப்பம்மா நீட்டிய பாலில்லாச் சாயத்தண்ணியோடு விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினார்.

“சுண்ணாம்பா இருந்தாலும் இப்பிடித்தானே முழுங்குவீங்க?” என்றான் தம்பையா.

இத்தனை காலத்தில் எவரும் கேட்காத கேள்வி. மர்ஸூக் காப்புரிமையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கம்பெனி, காலம், பெயர், விலை என்று ஒரு மணி நேரம் போயிற்று. தம்பையாவின் முகம் கருங்கல்லாகவே இருந்தது. பிறகு மர்ஸூக்கின் நாக்கு தடித்தது. “கம்பெனிக்காரன் என்ன செய்றான்னா...” என்றவர் சுவரில் சாய்ந்தார். குறட்டை எழுந்தது.

“ஐயோ, மொதலாளிக்கு என்னமோ ஆயிருச்சு!” என்று கத்தினாள் கருப்பம்மா.

தம்பையா எழுந்து வந்தான். அவர் முகத்தருகே குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

“கத்தாத புள்ள. அந்த ரோஸ் மாத்திரை மொதமொத போட்டப்ப எனக்கும் இதே மாதிரிதான், பாதிப் பேச்சுல கண்ண இழுத்துட்டுப் போச்சு. இது அதே மருந்துதான்.”

பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

“வாயத் தொறங்க,” என்றாள் கருப்பம்மா. “நாக்கத் தூக்குங்க.”

தூக்கினான். ஒன்றுமில்லை. அப்புறம்தான் அவள் உட்கார்ந்தாள்.

அரசாங்கத்தின் மருந்துக் கொள்கை அந்தத் தோட்டத்தில் வெற்றி பெற்ற வேளையில், அதன் ஒரே பிரதிநிதி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

“எழுப்பவாங்க? பஸ்ஸு போயிரும்.”

“நாலு மணிக்கு ஒன்னு இருக்கு. தூங்கட்டும், பாவம்,” என்றான் தம்பையா, கொட்டாவியோடு.