டீமில் சித்தப்பா இல்லை

என் சித்தி தொலைக்காட்சியில் கால்பந்து பார்க்கும்போது பந்தைப் பார்ப்பதில்லை. "பந்து எங்க போகும்னு அதுக்கே தெரியாது. அதைப் பார்த்து என்ன ஆகப்போகுது? பந்து கிடைக்காதவன் என்ன பண்றான்னு பாரு" என்பாள். கையில் இஸ்திரிப் பெட்டி இருக்கும். ஆட்டம் சூடு பிடித்தால் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்து நின்றுவிடுவாள்.

ஏதாவது ஒரு பெரிய கிளப் கோல் அடிப்பவர்களாகப் பார்த்து வாங்கிக் குவித்தது என்று செய்தி வந்தால் அவளுக்கு ஆகாது.

"நாலு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்திட்டான். கல்யாண வேலையை யார் பார்க்கிறது?"

"மாப்பிள்ளைக்கும் வேலை இருக்கும்மா" என்பார் சித்தப்பா, நாற்காலியில் சாய்ந்தபடி.

"உங்களைப் பார்த்துட்டுத்தானே சொல்றேன்."

நான் பட்டப்படிப்பு படிக்க இவர்கள் வீட்டுக்கு வந்தவள். படிப்பு முடிந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்பதால் அது சுவரில் தொங்குகிறது. நான் வேலை தேடிக்கொண்டு அதன் கீழே உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் எனக்கு இந்த வருடப் போட்டியைப் பக்கத்திலிருந்து பார்க்கும் நேரம் வாய்த்தது.

சித்தி வேலை செய்வது மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஒரு சலவைக்கூடத்தில். மடிப்புப் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை. பேக்கரி, அச்சகம், பஸ் டெப்போ, சலவைக்கூடம் என்று சுற்றுவட்டாரத்து வேலையிடங்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை கால்பந்துப் போட்டி நடத்துவார்கள். இடத்துக்கு ஒரு டீம், டீமுக்கு ஏழு பேர், ஆணும் பெண்ணும் கலந்து ஆடலாம். சலவைக்கூடத்து டீமைத் தேர்ந்தெடுப்பது சித்தி. அந்தப் பொறுப்பை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. முதல் வருடம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது இவள் மட்டும் ஏழு பேரைக் கைகாட்டி, "நீங்கல்லாம் வாங்க, மத்தவங்க வேலையைப் பாருங்க" என்றாளாம். அன்றிலிருந்து அப்படியே போகிறது.

அவள் ஆள் எடுக்கும் இடம் மைதானம் அல்ல, மடிப்பு மேசை. உலர்த்தியிலிருந்து விரிப்பு சுடச்சுட வந்து விழும். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்துப் பின்னால் நடந்து, ஒரு உதறு உதறி, பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலையைக் கொடுப்பார்கள். மறுபடி பின்னால், மறுபடி முன்னால். நாள் முழுக்க இதே நடைதான். பேச வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் தும்ம மூக்கைச் சுருக்கினால் இவர் நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான்.

"யார் வெடுக்குனு இழுக்கிறான், யார் எதிராளி கையைப் பார்த்து விடுறான், இதுல தெரிஞ்சிடும்" என்பது சித்தியின் கட்சி. "பந்தை உதைக்கக் கத்துக்கலாம். விட்டுக்கொடுக்கிறது உடம்புலேயே இருக்கணும்."

அப்படித்தான் சகலைகள் இருவரும் டிஃபென்ஸுக்கு வந்தார்கள். அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள். ஒருவரையொருவர் "வாங்க சகலை, போங்க சகலை" என்றுதான் பேசிக்கொள்வார்கள். அவர்கள் மடித்த விரிப்பைப் பிரிக்கவே மனசு வராது. முன்வரிசைக்கு நீராவி. அழுத்து இயந்திரத்தில் நிற்பவன், ஒரு இடத்தில் நிற்கமாட்டான், அதனால் அந்தப் பெயர்.

"டீம்னா கோல்கீப்பர்லேர்ந்து ஆரம்பிக்கணும். வீடு கட்டுறவன் கூரையிலேர்ந்தா ஆரம்பிக்கிறான்?" என்றும் சித்தி சொல்வாள்.

அந்த கோல்கீப்பர் சித்தப்பா. சலவைக்கூடத்தின் வேன் டிரைவர். மற்ற எல்லாரையும் சித்தி பார்த்துப் பார்த்து எடுத்தாள். அவரை மட்டும் அவள் எடுத்ததே இல்லை. அவர் இருந்தார், அவ்வளவுதான்.

இந்த வருடம் முதல் ஆட்டம் பேக்கரியோடு. சகலைகளுக்கு நடுவே முதல் பந்து வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க ஆரம்பித்தார்கள். கையைக்கூட லேசாக முன்னால் நீட்டியிருந்தார்கள். நட்டநடுவில் மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி வந்து நின்றார்கள்.

"நீங்க எடுங்க சகலை."

"ஐயோ, பரவாயில்லை, நீங்க."

பேக்கரிக்காரர் அதற்குள் ஓரமாகப் போய் அடித்துவிட்டார். பந்து ரொம்ப உயரமில்லை. சித்தப்பாவின் இடது தோளுக்குக் கொஞ்சம் மேலே. அவர் கை பாதி வரை போய் நின்றது. இரண்டாவது கோலும் அதே தோள் பக்கம்தான். மூன்றாவது வந்தபோது பேக்கரிக்காரர்களுக்கு வேறு பக்கம் இருப்பதே மறந்துவிட்டது.

இன்னொரு தோல்வி என்றால் போட்டியை விட்டு வெளியே. திரும்பும் வழியில் வேனுக்குள் நீராவிதான் தாங்க முடியாமல், "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான்.

"சொல்லாதே" என்றாள் சித்தி.

வேனை ஓட்டிக்கொண்டிருந்தது சித்தப்பா.

அன்று மாலை சமையலறையில் தேயிலைத் தூளைத் தேடினேன். மேல் தட்டு காலியாக இருந்தது. டப்பாக்கள் எல்லாம் கீழ்த் தட்டில், இடுப்பு உயரத்தில் வரிசையாக இருந்தன. எப்போதோ மாற்றியிருக்கிறாள், தினமும் அங்கே போய்வரும் நான் கவனிக்கவில்லை. சித்தப்பாவுக்கு இடது கை மேலே போகவில்லை என்று சித்திக்கு முன்பே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெரிந்தும் அவரையே கோலில் நிறுத்தியிருக்கிறாள்.

அவள் கதவோரம் நின்று நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

"நீ சொல்லு. அவரைக் கோல்ல நிறுத்தலாமா, வேண்டாமா?"

"வேண்டாம் சித்தி."

"அது எனக்கும் தெரியும்டி. எப்படிச் சொல்றதுன்னு கேட்டேன்."

வீட்டில் அவருக்கு வலிக்காமல் தட்டையே மாற்றியவள். மைதானத்தில் அப்படி மாற்றினால் அது ஊருக்கே தெரியும். அவரையே மறுபடி கோலில் நிறுத்தினால் டீமில் அவள் பேச்சு எடுபடாது. நீக்கிவிட்டால் இந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும் என்று எனக்கே பயமாக இருந்தது.

அவள் சுற்றி வளைக்கவில்லை. தட்டில் சோறு இருக்கும்போதே சொன்னாள்.

"ஏங்க, அடுத்த ஆட்டத்துக்கு நீங்க நிக்க வேண்டாம்."

சித்தப்பா மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டார். "யாரு நிக்கப் போறா?"

"கொக்கி."

கொக்கி என்பது சரக்கு இறக்கும் மேடையில் வேலை செய்யும் பெண். சித்தப்பா வேனுக்குள் நின்று அழுக்குத் துணி மூட்டைகளை எறிவார். கீழே நின்று அவள் பிடிப்பாள். மூட்டை அவள் கையில் மாட்டினால் மாட்டியதுதான்.

"அவ பந்தைத் தொட்டதே இல்லையே."

"உங்க மூட்டையைத் தினம் பிடிக்கிறா. ஒண்ணு கீழ விழுந்து பார்த்திருக்கீங்களா?"

சித்தப்பா தட்டைக் கழுவி வைத்தார். வழக்கமாக ஏதாவது ஒரு கிண்டல் செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அன்று எதுவும் இல்லை.

மறுநாள் கொக்கி மடிப்புப் பிரிவுக்கு வந்து முறையிட்டதாகச் சித்தி சொன்னாள். "அக்கா, அண்ணன் மூட்டையை எறிய மாட்டேங்கிறாரு. ஒவ்வொண்ணா தூக்கிட்டு இறங்கி வந்து, தொட்டில்ல குழந்தையைப் போடற மாதிரி வைக்கிறாரு. நான் கையை நீட்டிக்கிட்டு மக்கு மாதிரி நிக்கிறேன். நான் என்னக்கா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலை. அவருக்கு என் மேல கோபம், மூட்டை மேல காட்டுறாரு. ரெண்டு நாள்ல இடுப்பு வலிச்சா தானா எறிவாரு."

வாய்தான் அப்படிச் சொன்னது. அந்த இரண்டு நாளும் சித்தி தொலைக்காட்சியைப் போடவே இல்லை.

பயிற்சி சலவைக்கூடத்தின் பின்பக்கத்துத் திடலில். சித்தி என்னையும் கூட்டிப் போனாள். சகலைகளை டீமிலிருந்து நீக்கிவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் ஒரு பழைய விரிப்பைக் கொண்டுவந்து அவர்கள் கையில் கொடுத்தாள்.

"பிடிங்க. பின்னாடி போங்க. இன்னும். ஆங், அங்கேயே நில்லுங்க. இதை மடிக்கக் கூடாது. ஆட்டம் முடியிற வரைக்கும் விரிச்சே பிடிக்கணும். அவர் இடது பக்கம் நகர்ந்தா நீங்களும் நகரணும்."

இருவரும் விரிப்பைப் பிடித்தபடி திடலின் குறுக்கே போய்வந்தார்கள். பார்க்கக் காற்றில் துணி காயப்போடுகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் சித்தி விரிப்பை உருவிக்கொண்டாள். கை காலியான பிறகும் அவர்கள் அதே இடைவெளியில் நடந்தார்கள்.

அடுத்தது கொக்கி. நீராவி ஒரு பந்தை அடித்தான். பிடித்தாள். சத்தமே இல்லாமல் மார்போடு வந்து ஒட்டிக்கொண்டது. எல்லாரும் கை தட்டுவதற்குள், அவள் இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி, பந்தைப் பின்னால் வீசினாள். சொந்த கோலுக்குள்.

மேடையில் அவளுக்குப் பின்னால் எப்போதும் தள்ளுவண்டி நிற்கும். பிடித்த கையோடு திரும்பி அதில் போட்டுப் போட்டுப் பழகிய உடம்பு.

இரண்டாவது பந்தும் அப்படியே போனது. நீராவி விழுந்து விழுந்து சிரித்தான். "எதிரி டீமுக்கு ஆளே வேண்டாம்க்கா, நாமளே போட்டுக்கலாம்!" கொக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு வேண்டாம்க்கா, அண்ணனையே நிறுத்துங்க" என்று கிளம்பினாள். சித்தி அவளைத் தடுக்கவில்லை.

வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இவ்வளவு நேரமும் சித்தப்பா உள்ளே உட்கார்ந்துதான் இருந்திருக்கிறார். மேடைக்குப் போய், தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு திடலுக்கு வந்தார். கரடுமுரடான மண்ணில் அது கடகடவென்று ஆடியது. கோலுக்கு முன்னால் வெகுதூரம் தள்ளி, ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். வேனிலிருந்து ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டு கொக்கிக்கு எதிரே நின்றார்.

"வண்டி இப்ப அங்க இருக்கு. பிடிச்சதும் அங்க போடு."

எறிந்தார். நல்ல வேகம். வலது தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொக்கி பிடித்தாள், பின்னால் திரும்பப் போனாள், நின்றாள், முன்னால் வீசினாள். மூட்டை பாதி வழியில் விழுந்தது.

"பரவாயில்லை. இன்னொண்ணு."

இருட்டும்வரை எறிந்துகொண்டே இருந்தார். மூட்டை போய்ப் பந்து வந்தது. கடைசியில் தள்ளுவண்டியை எடுத்துவிட்டு அது நின்ற இடத்தில் நீராவியை நிறுத்தினார்.

"இனிமே இவன்தான் வண்டி."

"அண்ணே, என்னைப் பார்த்தா அழுக்குத் துணி வண்டி மாதிரியா இருக்கு?"

"சட்டையைப் பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

சித்தி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் சிரிப்பை மறைத்தாளா, வேறெதையாவது மறைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது ஆட்டம் பஸ் டெப்போவோடு. முரட்டு ஆட்கள். சகலைகள் கண்ணுக்குத் தெரியாத விரிப்பைக் கடைசிவரை மடிக்கவில்லை. ஒருமுறை பெரிய சகலைக்குப் பழக்கதோஷத்தில் கால் உள்ளே போனது. ஓரத்திலிருந்து சித்தி, "விரி!" என்று கத்தினாள். டெப்போக்காரர்கள் அது என்ன உத்தி என்று புரியாமல் பயந்துபோனார்கள்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு கோலுக்கு நேராக ஒரு பந்து வந்தது. கொக்கி பிடித்தாள். இடுப்பு திரும்ப ஆரம்பித்தது.

"வண்டி அங்க!" சித்தப்பாவின் குரல்.

பந்து முன்னால் பறந்தது. நீராவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான். அவன் அடித்த அந்த ஒரு கோல்தான் அன்றைய ஆட்டம். ஜெயித்துவிட்டோம்.

அரையிறுதியில் அச்சகத்திடம் தோற்றோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை.

டெப்போவை ஜெயித்த அன்று வீட்டுக்கு வந்ததும் சித்தி மாடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு வந்தாள். விரிப்பின் இரண்டு மூலையை நான் எடுக்கப் போனேன். அதற்குள் சித்தப்பா வந்து பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் கோல்ல நின்னப்போ எதிர்ல வர்றவனை மட்டும்தான் பார்த்திருக்கேன்" என்றார். "இன்னைக்குத்தான் நம்ம ஆளுங்களை முழுசா பார்த்தேன். நல்ல டீம்மா. நல்லா எடுத்திருக்கே."

சித்தி விரிப்பை உதறினாள்.

"மேல் தட்டை நீ காலி பண்ணது எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீயும் சொல்லலையே."

"சொல்லியிருக்கணும். சமையலறையில செஞ்சதை மைதானத்துல செய்ய எனக்குக் கை வரலை. முதல் ஆட்டம் என்னால போச்சு."

"விடு. இப்பவாவது சொன்னியே. வேற யாராவது சொல்லியிருந்தா நான் வேன் சாவியைத் தூக்கி எறிஞ்சிட்டுப் போயிருப்பேன்."

எங்கள் வீட்டில் நன்றி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் யாரோ வேற்று மனிதர் வந்துவிட்டதுபோல எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். என்னையும் இந்த வீட்டுக்கு ஒருநாள் யாரோ யோசித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். முன் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள்; எதற்கு எடுத்தீர்கள் என்று நானும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. நான் எந்த இடத்தில் நின்றால் சரியாக இருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இருந்தாலும் அந்த மாலையில், எடுக்கப்பட்டிருக்கிறேன் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

விரிப்பைப் பாதியாக்க இருவரும் கையை உயர்த்தினார்கள். சித்தப்பாவின் இடது கை தோள் மட்டத்தில் நின்றது. எதிரில் சித்தி, பார்க்காத மாதிரி, தன் கையை அதே உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். விரிப்பு கோணாமல் நின்றது. ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள்.

"அடுத்த வருஷம் நான் முன்வரிசையில ஆடலாம்னு பார்க்கிறேன்" என்றார் சித்தப்பா. "தலையால முட்டுறதுக்குத் தோள் எதுக்கு?"

"முதல்ல இந்த மூலையைப் பிடிங்க" என்றாள் சித்தி.