தடைக்காலத்திலும் வந்த தடிப்பு

மருந்துக்கடைக் கவுன்டரில் நிற்பவளுக்கு ஊர் நோயெல்லாம் அத்துபடி. தன் பிள்ளைக்கு ஒன்று வந்தால்தான் எல்லாம் மறந்துபோகும். பிள்ளை பெற்ற உங்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்?

காணாக்கடி

என் ஐந்து வயது மகள் ஜெனிக்கு உடம்பெல்லாம் தடிப்பு. மாலையில் முதுகில் இருப்பது காலையில் காணாது. தொடையில் புதிதாக எழும்பியிருக்கும். இரண்டு மாதமாகியும் விடவில்லை. ஒருநாள் உதடும் வீங்கியது. அடுத்தது தொண்டையா என்று எனக்கு உயிரே இல்லை. தங்கச்சிமடத்தில் எங்கள் கடைக்கு வந்த ஒரு அக்கா அவளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காணாக்கடிதான், கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கடி. மீன் தின்னா கெளம்பும். மீன நிப்பாட்டு, தன்னால போயிரும்."

அவளுக்கு மட்டும் ரசம்

நிறுத்தினேன். அவள் அப்பா எட்வின் விசைப்படகில் போகிறவர். அவர் கொண்டுவந்த நகரை மீனை நான் பொரிக்க, பிள்ளை அடுப்படி வாசலில் நின்று மோந்துகொண்டிருந்தாள். எட்வின் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார்: "ஊருக்கெல்லாம் மீன் புடிச்சுக் குடுக்குறேன், எம் புள்ளைக்கு ரசமாடி?"

நோட்டு

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. எங்கள் அடுப்பில் கருவாடுகூட ஏறவில்லை. மீன்தான் காரணமென்றால் இப்போது நிற்கவேண்டுமே! தின்றதையும் தடித்ததையும் நாள்வாரியாக எழுதிவைத்தேன். வெறும் இட்லி தின்ற நாளிலும் தடித்தது. சில நாள் ஒன்றுமே இல்லை. கடையில் கூட வேலை பார்க்கும் முருகேசன் அண்ணன் நோட்டைப் புரட்டினார்: "ஏம்மா, வீட்டுக்கே வராத மீன் மேல எப்படி கேஸ் போடுவ?"

பை உடைக்கும் செல்

நோட்டோடு ராமநாதபுரத்தில் தோல் டாக்டரம்மாவிடம் போனோம். மூச்சு இழுத்ததா, குரல் மாறியதா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் வரைந்தார். தோலுக்கு அடியில் மாஸ்ட் செல் என்று ஒன்று. உள்ளே குட்டிக் குட்டிப் பைகள், அவற்றில் ஹிஸ்டமின். கிருமியோ புழுவோ வந்தால் உடைத்துக் கொட்ட வேண்டியது. சிலருக்கு, உடம்பின் சொந்த எதிர்ப்புப் பொருளே அதைச் சீண்டிவிட, எதிரி இல்லாமலே கொட்டுகிறதாம். ரத்தக்குழாய் கசிந்து தோல் தடிக்கிறது. அரிப்புக்குச் செட்ரிசின் மாத்திரை எத்தனை அட்டை விற்றிருப்பேன்! அது தடுப்பது இந்த ஹிஸ்டமினைத்தான் என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை.

தினமும் மருந்து, நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரி, பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போகப்போகச் சரியாகிவிடுமாம். ஜெனி மேசையை எட்டிப் பிடித்து, "அப்ப நகரை?" என்றாள். டாக்டரம்மா சிரிக்காமலே சொன்னார்: "ரெண்டு துண்டாவே தின்னு. மருந்த மட்டும் விட்டுறாத."

இப்போது தடிப்பு வாரத்துக்கு ஒருநாள்தான் தலைகாட்டுகிறது. அவள் மீன் தின்று முடிக்கும்வரை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் என் பயத்துக்குத்தான் எங்கள் கடை அலமாரியில் இன்னும் மருந்து அகப்படவில்லை.