கிளி மார்க் கடிகாரம்

என் ஒத்தக்கடை வீட்டு ஹாலில் தொங்கும் கடிகாரத்தை, வருகிறவர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்து முடித்ததும் மணி என்ன என்று அதே செல்போனில் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கடிகாரத்தில் எண்களே கிடையாது.

எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாகப் பன்னிரண்டு எழுத்துகள். உச்சியில் இருக்கும் 'கி'யில் தொடங்கி வலப்பக்கமாகப் படித்துக்கொண்டே வந்தால் 'கிளி மார்க் நயம் புகையிலை'. நடுவில் ஒரு பச்சைக்கிளி, அலகில் ஓர் இலையோடு. புகையிலைக் கம்பெனிக்காரர்கள் தங்கள் சரக்கை விற்கும் கடைகளுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது. செல்லூரில் தாத்தா வைத்திருந்த கடையில் மூன்று பக்கமும் அலமாரி, மாட்டச் சுவர் இல்லை. அதனால் அது வீட்டுக்கு வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் புகையிலை விற்ற தாத்தா, வீட்டில் ஒருவரும் அதைத் தொடக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். விளம்பரம் மட்டும் நாள் முழுக்க எங்கள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் மணியை எழுத்தால்தான் சொல்வோம். அப்பா 'பு'வுக்கு வேலைக்குக் கிளம்புவார். எனக்குப் பள்ளிக்கூடம் 'கை'க்கு. மூன்றும் நான்கும் 'ர்', 'க்' என்று வாயில் நுழையாமல் நின்றதால் அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் எதையும் வைத்துக்கொள்வதில்லை. எட்டு வயதில் அப்பா என்னை உட்காரவைத்து மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். முதல் எழுத்தாயிற்றே என்று 'கி'யை ஒன்று என வைத்து எண்ணினேன். எல்லாமே ஒரு மணி கூடுதலாக வந்தது. 'கி' ஒன்று இல்லை, பன்னிரண்டு என்பது மூன்று குட்டுகளுக்குப் பிறகு மண்டையில் ஏறியது.

அந்த வருடம்தான் அத்தைக்கு வரன் அமைந்தது. அத்தை, அப்பாவின் தங்கை. ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். முப்பத்தொரு வயது. ஜாதகத்தில் எட்டில் செவ்வாய் என்று தெரிந்ததுமே வந்தவர்கள் காபியைக்கூட முடிக்காமல் எழுந்துவிடுவார்கள். செவ்வாய் உள்ளவருக்குச் செவ்வாய் உள்ளவரைத்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் துணையின் உயிருக்கு ஆகாது என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். தேடித் தேடிக் கடைசியில் வாடிப்பட்டியில் ஒரு டிரில் மாஸ்டர் கிடைத்தார். அவருக்கும் செவ்வாய்.

பெண் பார்க்க வந்த அன்று அவர் அத்தையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல மணி எப்படிங்க பாக்குறது?" என்று பொதுவாகக் கேட்டார். பெரியவர்கள் வாய் திறப்பதற்குள், காபித் தட்டோடு நின்ற அத்தை, "'கை' தாண்டி 'யி'க்குப் போகுதுங்க" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். "அப்ப 'லை'க்கு எனக்கு பஸ்ஸு."

அத்தையும் சிரித்தாள். அதற்குமுன் வந்தவர்கள் யார் முன்னாலும் தலையைக்கூட நிமிர்த்தாதவள். அதன்பிறகு ஆபீஸுக்குக் கிளம்பும்போது அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். காரணம் கேட்டதில்லை.

நிச்சயத்துக்கு நாள் குறிக்க ஜோசியரை வரவழைத்தார்கள். பழைய ஜோசியர் காலமாகிவிட்டதால் இவர் புதியவர், எதையும் ஒருமுறை சரிபார்க்கிறவர். "பிறந்த நேரம் காலையில ஏழுன்னு போட்டிருக்கு. யாருண்ணே பாத்தது?" என்று கேட்டார்.

அந்தக் கதையைச் சொல்வதில் தாத்தாவுக்குத் தனி உற்சாகம். அத்தை வீட்டில்தான் பிறந்தாள். தாத்தா அப்போது கடையில் இருந்தார். பிரசவத்துக்குத் துணையாக வந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், மணி பார்க்கத் தெரியாது.

"சின்ன முள்ளு 'ய' மேல, பெரிய முள்ளு நேரா உச்சியில. அப்படின்னு ஆள் விட்டாங்க சோசியரே. கடையில ஏது கடிகாரம்? விரல் விட்டு எண்ணுனேன். கி, ளி, மா, ர், க், ந, ய. ஏழு. அங்கனயே சிட்டையில குறிச்சுட்டேன்" என்று விரல்களை மடக்கிக் காட்டினார்.

எனக்குப் பழைய குட்டுகள் வலித்தன. "தாத்தா, 'கி' ஒண்ணு இல்ல. 'கி' பன்னெண்டு. 'ய' ஆறு" என்றேன்.

எல்லாரும் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதில் தினமும் சரியாக மணி பார்த்துவந்த தாத்தா, மகள் பிறந்த பரபரப்பில் ஒரே ஒரு நாள் தப்பாக எண்ணியிருக்கிறார். பிறகு அதைத் திரும்ப நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஜோசியர் காகிதத்தில் வெகுநேரம் கட்டம் போட்டார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "லக்னமே மாறுதுண்ணே. எட்டுல இருந்த செவ்வாய் ஒம்பதுக்குப் போயிருச்சு. பாப்பாவுக்குத் தோஷமே இல்ல. சுத்த ஜாதகம்."

வீடு கல்யாண வீடு போல ஆகிவிட்டது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குட்டிய அதே கையால் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். "இம்புட்டு வருசமா எம் மகள நானே உக்கார வச்சுட்டேனே. இனிமே மாப்பிள்ளைக்கா பஞ்சம்?" என்று தாத்தா பாதுஷா வாங்கிவரச் சொன்னார், முதல் பாதுஷா எனக்கு. சுத்த ஜாதகக்காரியைச் செவ்வாய் உள்ளவருக்குக் கொடுத்தால் அவள் உயிருக்கு ஆகாது. அதனால் மறுநாளே வாடிப்பட்டிக்குத் தகவல் சொல்லிவிடுவது என்று முடிவானது. அத்தையின் நன்மைக்காக எல்லாரும் ஒரே மனதாக எடுத்த முடிவு. அத்தையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

டிரில் மாஸ்டர் ஒருமுறை தனியாக வந்து, தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று தாத்தாவிடம் சொன்னாராம். தாத்தாவுக்கு இருந்தது. பஞ்சமில்லாமல் வர வேண்டிய மாப்பிள்ளைகளில் மூன்று பேர் வந்தார்கள். மூவரும் ஜாதகத்தை விட்டுவிட்டு வயதைப் பார்த்தார்கள். அத்தை ரிட்டயர் ஆகும்வரை அதே ஆபீஸில் டைப் அடித்தாள். என் கல்யாணத்தின்போது இந்தக் கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்துக் கொடுத்தவளும் அவள்தான். என்மேல் அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? வீட்டையே காப்பாற்றிவிட்ட பெருமையோடு ஹாலில் உட்கார்ந்து பாதுஷாவை நக்கிக்கொண்டிருந்தேன். மாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்த அத்தை, கடிகாரத்துக்குக் கீழே நின்றாள்.

"ஏண்டி, 'ய' நெசமாவே ஆறுதானா? நல்லா எண்ணிப் பாத்தியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, எழுத்தெழுத்தாக விரல் வைத்து எண்ணிக் காட்டினேன். 'ய'வில் ஆறுதான் வந்தது. துணிகளை மார்போடு அணைத்தபடி அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி எண்ணு" என்றாள்.

இங்கிலீஷில் அவ்வளவு வேகமாக டைப் அடிக்கிறவளுக்கு ஆறு வரை எண்ணத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டே, விரலை எடுத்துப்போய் மறுபடியும் 'கி' மேல் வைத்தேன்.