ஆறுமணிக் குருவிக்குச் சாட்சி

ஈரப் புடவையின் சவுக்கார வாசனை... அதோடு சேர்ந்து வரும், காய்ந்த பூவரச இலை மக்குகிற வாசனை. அண்ணாமலை நகரில் நம் விடுதியின் பின்பக்கம் எனக்கு இன்னும் மூக்கில்தான் இருக்கிறது.

தோழிகளே, நாம் கையால் எழுதித் தபாலில் அனுப்பிக்கொள்ளும் சுற்று இதழ் ஊர் ஊராகப் போய்விட்டு நேற்றுக் கடலூருக்கு, என் கைக்கு வந்து சேர்ந்தது. உத்தியோகமும் குடித்தனமுமாக ஆளுக்கொரு திசையில் இருந்தாலும், புதிதாகப் பார்த்த பறவையை எழுத யாரும் மறக்கவில்லை. லட்சுமி குற்றாலத்தில் மரகதப் புறாவைப் பார்த்திருக்கிறாள். கமலா வேதாரண்யத்தில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கீழே கணவரைச் சாட்சிக் கையெழுத்தும் போட வைத்திருக்கிறாள்!

அந்தக் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் வேதாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நாம் ஐந்து பேர். ராத்திரிச் சாப்பாட்டில் ஒருத்தி "புதுசு!" என்றால், அன்று அவள் அதுவரை காணாத பறவை ஒன்றைக் கண்டிருக்கிறாள் என்று அர்த்தம். மற்ற எல்லோருடைய அப்பளமும் அவளுக்கு. அப்பள ஆசையில் லட்சுமி ஒருநாள் நூலகக் கூரையில் மயிலைப் பார்த்தாள் அல்லவா... அன்றைக்குத்தான் கமலா சட்டம் போட்டாள். இன்னொருத்தியும் பார்த்திருக்க வேண்டும். சாட்சி இல்லாத பறவை செல்லாது.

அந்தச் சட்டம் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

பெண்ணாடத்துப் பக்கம் வயல்வேலைக் குடும்பம் எங்களுடையது. கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'பிரசண்ட்' சொல்லவே நாக்கு வறண்டுவிடும். எனக்கு நின்று பார்க்கத் தெரியும். கூப்பிட்டுக் காட்டத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் பறவை போயிருக்கும். உங்கள் அப்பளங்களில் ஒன்றுகூட என் இலைக்கு வந்ததில்லை.

நம் எல்லோருக்கும் ஆசை ஆறுமணிக் குருவிமேல்தான். ஐப்பசி மழையோடு எங்கிருந்தோ வந்து இறங்கும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் புதருக்குள்ளிருந்து ஒரு விசில்... சாயங்காலம் அது கூவும் நேரத்தில்தான் விடுதி மணியும் அடிக்கும். அது வெளியே வரும்போது நாம் உள்ளே போயாக வேண்டும். அதனால் அதைக் கேட்காதவள் இல்லை, பார்த்தவளும் இல்லை.

அன்று வேதாவும் நானும் துணி எடுக்கப் போயிருந்தோம். வேதா பக்கத்துக் கிள்ளை ஊர்க்காரி. வாய் ஓயவே ஓயாது. கொடிப்பக்கம் திரும்பிப் புடவையை மடித்தபடி எதையோ பேசிக்கொண்டிருந்தாள்.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சருகு புரண்டது.

குட்டை வால். பச்சை முதுகு. இறக்கையில் பளிச்சென்று ஒரு நீலம். கண்ணில் மை இட்டு அப்படியே பிடரிவரை இழுத்துவிட்டது போல ஒரு கறுப்புக் கோடு. வயிற்றுக்கு அடியில் குங்குமம். அலகால் ஓர் இலையைப் புரட்டிப் போட்டுவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தது.

வேதா பக்கத்தில்தான் இருந்தாள். 'வேதா'... இரண்டே எழுத்து. தொண்டைவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

மணி அடித்தது. குருவி இல்லை.

ராத்திரி ரசம் சாதத்தின்போது எனக்கே தெரியாமல், "புதுசு" என்றேன்.

"யாரு, நீயா?" என்றாள் லட்சுமி. "இன்னாத்த பாத்த?"

"ஆறுமணிக் குருவி."

அப்பளம் நொறுங்குகிற சத்தம் நின்றது.

"சாட்சி?" கமலா கேட்டாள்.

நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"நான்தான்" என்றாள் வேதா.

"நீயும் பாத்தியா? அப்ப வால் எப்டி இருந்துச்சு, சொல்லு" என்று மடக்கினாள் கமலா.

"வாலையும் பாக்கல, தலையையும் பாக்கல. இன்னாடா, இவ்ளோ நேரம் பேசுறோம், ஊம்னுகூட சொல்ல மாட்றாளேன்னு திரும்புனேன். இவ மூஞ்சி தெரிஞ்சுது. அத பாத்தப்புறம் குருவிய வேற பாக்கணுமாடி?"

"இதெல்லாம் ஒரு சாட்சியா? கோர்ட்டுல சொன்னா சிரிப்பாங்க."

"ஒங்க கோர்ட்டுல அப்பளம் ஜாஸ்தியாதான் இருக்குது. இப்டி குடு!"

எல்லோர் இலையிலிருந்தும் அவளே பிடுங்கி என் இலையில் போட்டாள். கமலா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இந்த ஒரு தடவதான்" என்றாள்.

கை கழுவப் போன இடத்தில் வேதா என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். "எனக்கும் அத பாக்கணும்னு ஆச இருக்காதாடி? அடுத்த வாட்டி கூப்புடு. பறந்து போனா போவட்டும். கத்து."

சரி என்றேன்.

அடுத்த ஐப்பசியில் அவள் இல்லை. பரீட்சைக்கு முன்பே கல்யாணம் முடிந்தது; மாப்பிள்ளைக்கு மலாயாவில் வேலை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவள்தான். நம் இதழ் அவ்வளவு தூரம் போவதில்லை.

இப்போது நான் இங்கே பள்ளிக்கூடத்து டீச்சர். கடைசி பெஞ்சுவரை என் குரல் கேட்கிறது. ஆறு மணிக்கு உள்ளே வா என்று மணி அடிப்பார் யாரும் இல்லை. இருட்டும்வரை வெளியே நிற்கலாம். அப்பளம்கூட வேண்டுமளவு பொரித்துக்கொள்ளலாம்... ஒன்றுக்கு மேல் பொரிக்கத் தோன்றுவதில்லை.

போன வாரம் சாயங்காலம், பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, பின்பக்கத்துப் புளியமரத்தடியில் அந்த விசில். சருகு புரண்டது. அதே நீலம், அதே மைக்கோடு.

"வேதா! இங்க பாருடி!"

குருவி பறந்துவிட்டது. பெருக்கிக்கொண்டிருந்த ஆயா விளக்குமாறும் கையுமாக ஓடி வந்தாள். "யாரக் கூப்புட்றீங்க டீச்சர்? இங்க யாருமே இல்லியே!"

கமலா, இதற்கும் சாட்சி கிடையாது. கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் மலாயாப் பக்கம் அவள் இருக்கும் இடம் உங்களில் யாருக்காவது தெரிந்தால், நான் கத்தினேன் என்று மட்டும் அவளுக்கு எழுதிவிடுங்கள்.