மீன் வயிற்றில் நீல நூல்

நைல் நதியில் மிதக்கும் படகுதான் நிஃமத்துக்கு வீடு. துடுப்பு அவள் கையில், வலை கணவன் மித்வல்லி கையில். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். பாலத்தின் மேலிருந்து யாராவது பிளாஸ்டிக் பையை வீசினால் துடுப்பை நிறுத்திவிட்டுத் திட்டுவாள். திட்டிய வாயாலேயே, "ரப்பே, இவங்களுக்கு நல்ல புத்தியைக் கொடு" என்று இறைவனிடம் துஆவும் கேட்பாள்.

அன்று கரையோரம் கட்டியிருந்த படகுக்கு மகள் ஹனாதி வந்திருந்தாள். தலைப்பிள்ளைச் சூலி. ஆற்று மீன் வயிற்றில் பொடிப்பொடியாய் பிளாஸ்டிக் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, உயிருக்குயிரான மீனையே ஒதுக்கிவிட்டாள். நிஃமத்துக்கு அது பொறுக்கவில்லை.

"ஊரான் பிடிச்ச மீன் வேற, உங்கப்பன் பிடிச்ச மீன் வேறடி. என் கையால ஒரு வாய் சாப்பிடு."

"கோவிச்சுக்காதே யம்மா. வயித்துல புள்ள இருக்கு. குடலை எடுத்துட்டா பெரும்பாலும் போயிடும்னு நர்ஸம்மா சொன்னாங்க. அறுத்துக் காட்டு."

ஜிலேபி மீனைத் தவிட்டில் புரட்டி, குடலோடு சுட்டால்தான் ருசி என்பது நிஃமத்தின் கட்சி. மகளுக்காக பிஸ்மில்லா சொல்லி வயிற்றைக் கீறினாள். குடலை உள்ளங்கையில் பிதுக்கினாள். பாசிக்கு நடுவே மயிர்போல ஏதோ சுருண்டிருந்தது. நீரில் அலசிப் பார்த்தாள். நீல நூல், அரிசி நீளம்கூட இல்லை.

பாலத்தைப் பார்த்துத் திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். படகு முனையில் மித்வல்லி வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். நீல நைலான் நூலில் முடிச்சுப் போட்டான், மீந்த நுனியைப் பல்லால் கடித்தான், 'தூ' என்று ஆற்றில் துப்பினான். காலமெல்லாம் பார்த்ததுதான். இன்றைக்குத்தான் உறைத்தது.

ஹனாதி குனிந்து கரி அடுக்கிக்கொண்டிருந்தாள். நிஃமத் கையை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. ரப்புக்குத் தெரியுமே! மகள் முன்னால் கையை விரித்தாள்.

"மனுஷா, துப்பாதே!" என்றாள் கணவனிடம்.

"ஏன், ஆத்துக்கு வலிக்குதா?"

"இங்க வந்து பாரு, நீ துப்பினதை."

வந்து பார்த்தான். தன் நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். முகம் தொங்கிவிட்டது. "அப்ப இத்தனை வருஷம் பாலத்துக்காரனுக்கு நீ கொடுத்த திட்டுல..."

"பாதி உன்னுது."

ஹனாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நிஃமத் குடலை ஆற்றில் போடாமல் கரைமண்ணில் புதைத்தாள். மீனை மூன்று தண்ணீரில் கழுவிச் சுட்டாள். முதல் வாயை ஊட்டினாள். ஹனாதி மென்றாள், பிறகு தட்டையே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மித்வல்லி மறுபடி வலைக்குப் போனான். முடிச்சுப் போட்டான், கடித்தான், ஆற்றுப் பக்கம் திரும்பினான். சட்டென்று ஞாபகம் வந்து, வாயில் நூலோடு திருதிருவென்று விழித்தான்.

நிஃமத் காலி டீத்தூள் டப்பாவை நீட்டினாள்.

"இதுல துப்பு, என் ராஜா."