மிளகாய் இடித்த ஞாயிற்றுக்கிழமை

நான் பிறவியிலேயே பயந்தவன். ஹனோவருக்குப் போன பிறகு அந்தப் பயத்துக்கு ஓர் அலுவலகமும் கிடைத்தது. வெளிநாட்டவர் போலீஸ் என்று அதற்குப் பெயர். தங்கும் அனுமதியை அங்கேதான் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு, 'இவன் என் வீட்டில்தான் குடியிருக்கிறான்' என்று வீட்டுக்காரம்மாள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலம். என் அனுமதி அடுத்த வாரம் முடிகிறது, அம்மாள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அது இல்லையென்றால் பாதி எழுதிய ஆராய்ச்சியைச் சுருட்டிக்கொண்டு புதுச்சேரிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆராய்ச்சியும் புதுச்சேரியைப் பற்றியதுதான். பிரெஞ்சுக்காரர்கள் வந்து இறங்கிய ஆரம்ப காலம். மணல்மேட்டில் கோட்டை எழும்பிக்கொண்டிருந்தது. கப்பல்காரர்கள் ஆற்று முகத்துவாரத்தில் கயிறு விட்டு ஆழம் பார்த்துப் படம் வரைந்தார்கள். நெசவாளர்கள் தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மேளம் கூடாது என்று பாதிரிமார் வற்புறுத்த, கவர்னர் தடை போட்டார். சனங்கள் அடிதடிக்குப் போகவில்லை. கடையைச் சாத்தி, தறியை நிறுத்தி, சட்டிபானையோடு கோட்டை வாசலில் போய் நின்றுகொண்டு, ஊரை விட்டே போகிறோம் என்றார்கள். துணி இல்லாமல் கப்பல் எப்படித் திரும்பும்? கவர்னர் இறங்கி வந்தார். இந்தக் கதையை எங்கள் சமையலறையில் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறேன். பயந்தவனுக்கு அடுத்தவர் வீரத்தைப் பேசுவதில் தனி ருசி.

கேட்டவர்கள் இரண்டு பேர், என்னோடு மாடியில் குடியிருந்தவர்கள். ஒருவர் யாழ்ப்பாணத்து அண்ணை, எந்திரவியல் படிக்க வந்தவர். மற்றவர் கோயம்புத்தூர்க்காரர், வேதியியல் ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலமே போதுமாயிருந்ததால் இருவருடைய ஜெர்மனும் காலை வணக்கத்தைத் தாண்டவில்லை. வீட்டுக்காரம்மாளோடு பேசுவதென்றால் நான்தான்.

அண்ணை ஊரிலிருந்து சின்ன இரும்பு உரல் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வாரமெல்லாம் வேலை, சனிக்கிழமை துணி துவைப்பு. ஞாயிறு காலையில்தான், செத்தல் என்று அவர் சொல்லும் காய்ந்த மிளகாயும் மல்லியும் வறுத்து இடிப்பார். ஜெர்மனியில் ஞாயிறன்று ஓர் ஆணி அடித்தாலே ஊர் முகம் சுளிக்கும். அந்த ஞாயிறு அம்மாள் தும்மிக்கொண்டே மேலே வந்தார். உரலைத் தூக்கிக்கொண்டு போய் நிலவறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"இனி இஞ்ச இருக்க ஏலாது," என்றார் அண்ணை. "தம்பி, உங்கட சனம் செய்த மாதிரியே செய்வம். வெளிக்கிடுங்கோ. அவாவே வந்து கூப்பிடட்டும்."

"கரெக்டுங்க," என்று கோயம்புத்தூர்க்காரரும் எழுந்தார். "மூணு ரூமும் ஒரே நேரத்துல காலியாச்சுன்னா அந்தம்மா என்னங்க பண்ணும்?"

வேறு ஆள் பார்க்கும், வேறென்ன பண்ணும்? கவர்னருக்கு நெசவாளர்கள் வேண்டியிருந்தார்கள். இந்த அம்மாளுக்கு நாங்கள் எதற்கு? ஆனால் மேசையைத் தட்டிய வாயால் அதை எப்படிச் சொல்வது? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டிருந்தேன்.

"கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் கிளம்பலாமே," என்று முனகினேன்.

"ஓம், அவா கூப்பிட வரேக்க அதையும் கேளுங்கோ," என்றார் அண்ணை.

பெட்டி, படுக்கை, சோற்றுப் பானையோடு எதிர்ப்பக்க டிராம் நிறுத்தத்தில் போய் நின்றோம். அங்கிருந்து அம்மாளின் ஜன்னல் தெரியும், ஜன்னலிலிருந்து நாங்களும் தெரிவோம். டிராம் வரும், கதவு திறக்கும், நாங்கள் ஏறமாட்டோம். ஓட்டுநர் பானையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். திரைச்சீலை அசையும்போதெல்லாம் அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். எனக்குக் கால் விறைத்துப்போயிற்று. கோட்டை வாசலில் நின்றவர்கள் எங்கே ஒன்றுக்குப் போனார்கள்? பிள்ளைகள் அழுதபோது என்ன சொன்னார்கள்? கவர்னர் மசியாவிட்டால் எங்கே படுப்பது என்று ஒருவராவது கேட்டிருக்க மாட்டாரா? இத்தனை காலம் அவர்களைப் படித்தும் இது ஒன்றும் எனக்குத் தோன்றியதில்லை.

மத்தியானம் தாண்டியது. அம்மாள் ஜன்னலைத் திறந்தார், எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். பதிலுக்கு ஆட்டப்போன கோயம்புத்தூர்க்காரர் கையை அண்ணை பிடித்துக்கொண்டார். ஜன்னல் மூடிக்கொண்டது.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சாலையைக் கடந்து மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவர் கவலையோடு கேட்டார்: "உங்கள் டிராம் இன்னுமா வரவில்லை? நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று கூடக் கையை ஆட்டினேனே! பானையெல்லாம் எடுத்துக்கொண்டு எங்கே பயணம், இந்தக் குளிரில்?"

நாங்கள் கோபித்துக்கொண்டு வெளியேறியதே அவருக்குத் தெரியாது. தெரியும்படி யாரும் சொல்லவும் இல்லை. புதுச்சேரியில் கோட்டை வாசலுக்கும் கவர்னர் மாளிகைக்கும் நடுவே ஓடியவன் ஒருவன் இருந்தான். இரண்டு பாஷையும் தெரிந்த தரகன், துபாஷி. அவனைக் காரியவாதி என்று ஒரே வரியில் அடிக்குறிப்பில் தள்ளியிருந்தேன். அவன் இல்லாமல் அந்தச் சனங்களும் பனிக்காலம் வரை வாசலிலேயே நின்றிருப்பார்கள். இங்கே எங்கள் துபாஷி அம்மாளின் வாசல் கால்மிதிமேல் நின்றான்.

"அவர்கள் ரொம்ப வருத்தப்படுகிறார்கள்," என்றேன். "ஞாயிற்றுக்கிழமை இடித்தது தப்பு என்று உங்கள் முகத்தில் விழிக்கவே கூசுகிறார்கள்."

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அட கடவுளே, அதற்காகவா வெளியே நிற்கிறார்கள்? சனிக்கிழமை காலையில் ஜன்னலைத் திறந்துவைத்து இடித்துக்கொள்ளட்டும்." நிலவறைச் சாவியை எடுத்தார். நான் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். உரலைத் தந்த கையோடு அதிலும் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

உரலைச் சுமந்துகொண்டு திரும்பினேன்.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"தப்பு அவங்க மேலதானாம். சனிக்கிழமைல இடிச்சுக்குங்க, தயவுசெஞ்சு திரும்பி வாங்கன்னு கெஞ்சறாங்க."

"நான் அப்பவே சொன்னன்தானே!" அண்ணை உரலை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வாசலில் அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உருக்கமாக ஏதோ சொன்னார். அண்ணை பரவாயில்லை என்பதுபோலப் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். ஒருவரை ஒருவர் மன்னித்தாயிற்று.

எனக்கு அனுமதி கிடைத்தது. துபாஷியின் அடிக்குறிப்பு தனி அத்தியாயமாக வளர்ந்தது. பயம் மட்டும் தீரவில்லை. அடுத்த மாதமே அண்ணை மாலை வகுப்பில் ஜெர்மன் படிக்கச் சேர்ந்துவிட்டார். சமையலறையில் பாடத்தை உரக்கச் சொல்லிப் பார்ப்பார். நான் தட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு நழுவிவிடுவேன்.

"நல்ல மனுசி," என்பார். "அண்டைக்கு வாசல்ல என்னட்ட என்னவோ சொன்னவா, பாவம். பாஷை கொஞ்சம் பிடிபடட்டும் தம்பி, ஒருநாளைக்கு ஆறுதலா இருந்து கதைக்கோணும்."