வலியை எடு என்றேன், தண்ணீரை எடுத்தாள்

எனக்குக் கழுத்து சரியாகக் குனியாது. ஐந்தாறு வருடமாக இப்படித்தான். எங்கள் ஊர் மாரியாத்தா கோயிலில் எல்லோரும் தலை தாழ்த்திக் கும்பிடும்போது நான் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்பேன். "ஆத்தா முன்னாலயே தல குனிய மாட்டேங்குறா பாரு, அத்தன திமிரு" என்று பின்னால் பேசுவார்கள். என் காதில் விழட்டும் என்றேதான் பேசுவார்கள். அவர்களில் சிலர் இதையும் படிப்பார்கள். படிக்கட்டும்.

எனக்கு வயது அறுபத்திரண்டு. மேச்சேரிக்குப் பக்கத்து ஊர். கொஞ்சம் கடலைக்காடு, பத்துப் பன்னிரண்டு ஆடு. இருபது வருடத்துக்கு முன்னால் நான் கிணற்றில் இறைத்து, காட்டில் களை வெட்டி, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டு, அப்புறம் சோறாக்கியவள். அதே உடம்புதான் ஒரு குடம் தூக்கினால் உட்கார இடம் தேடியது.

முட்டி, இடுப்பு, தோள், கழுத்து. எந்த இடம் என்று கேட்டால் எதைச் சொல்வது? அதைவிட மோசம் அசதி. முழுத்தூக்கம் தூங்கி எழுந்தாலும் நாள் முழுக்க அடித்துப் போட்டது போல இருக்கும். வலி என்றால் அரை மனதாகவாவது நம்புவார்கள். அசதியை நம்ப ஆள் கிடையாது. அதற்கு ஊரில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். சோம்பேறித்தனம்.

டாக்டர்களும் அப்படித்தான். நான் உட்காருவதற்குள் வயதைக் கேட்பார்கள். அறுபது என்று சொன்னால் அதோடு முடிந்தது. "வயசானா அப்படித்தாம்மா." ஒரு ஊசி. ஊசி வேலை செய்கிற இரண்டு நாள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போவேன். மூன்றாம் நாள் திரும்பக் கட்டில்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மகளின் பிரசவத்துக்காக ஆத்தூர் போய் இரண்டு மாதம் இருந்தேன். அங்கே பிள்ளையைக் குளிப்பாட்டினேன், பத்தியச் சமையல் செய்தேன், துணி துவைத்தேன். வலி பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம். ஊருக்குத் திரும்பிய ஒரு மாதத்தில் பழையபடி படுத்துவிட்டேன். என் மருமகள் சுமதி வாசலில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஏனுங்கத்தை, மக ஊட்டுக்குப் போனா மட்டும் ஒடம்பு நல்லாயிருதுங்களா? அது என்னங்க வலி, ஆளப் பாத்து வருது?"

எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் நடிக்கிறேனோ என்று யோசித்திருக்கிறேன். அந்தக் கேவலத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது தண்ணீர்க் கதையைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் கிணறு வற்றிப்போனது. போர் போட்டோம். எங்கள் மகன் செல்வம் அப்போதுதான் போர் போடுகிற ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஏழுநூறு அடி வரைக்கும் வெறும் புகைதான் வந்தது. நான் புடவைத் தலைப்பில் முடிச்சுப் போட்டு, "மாரியாத்தா, தண்ணி வந்தா மொதக் கொடம் ஒனக்குத்தான்" என்று வேண்டினேன். அடுத்த குழாய் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சி அடித்தது. முதல் குடத்தைக் கொண்டுபோய் அவள் தலையில் ஊற்றினேன். அப்புறம் அவள் அபிஷேகத்துக்கும் அந்தத் தண்ணீர்தான். அன்றிலிருந்து அதற்கு ஆத்தா தண்ணி என்றே பெயர். தெருவில் காவேரிக் குழாய் வந்த பிறகும் அந்தத் தண்ணீரை நான் வாயில் வைக்கவில்லை. மருந்து வாடை அடிக்கிறது என்றேன். ஆத்தா கொடுத்தது இருக்கும்போது அது எதற்கு?

சுமதி பவானிக்காரி. காவேரித் தண்ணீரில் வளர்ந்தவள். போர்த் தண்ணீர் அவளுக்குப் பிடிக்கவில்லை. தனக்கும் தன் மகளுக்கும் தெருக்குழாயில் பிடித்து வைத்துக்கொள்வாள். நான் விடுவேனா? "மகாராணிக்குத் தீர்த்தம் எறங்காது" என்று ஊர் முழுக்கச் சொன்னேன். பேத்தியின் டம்ளரை ஒரு நாள் பிடுங்கி ஊற்றியும் விட்டேன்.

வலி கூடக் கூட அந்தத் தண்ணீரை அதிகமாகக் குடித்தேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு செம்பு. மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, தீர்த்தமாக. மண்டலம் முடிந்தபோது சுவரைப் பிடிக்காமல் என்னால் எழ முடியவில்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. கோயிலில் கூட்டம் இருந்தது. நான் வேண்டவில்லை. சண்டை போட்டேன்.

"ஏண்டி ஆத்தா, நீயும் பொம்பளதானே? ஒண்ணு இந்த வலிய எடு, இல்லீன்னா என்ன எடு! ரெண்டுல ஒண்ணு செய்யாம நீ எதுக்கு இங்க ஒக்காந்திருக்க?"

பூசாரி, "ஏம்மா, மெதுவா, மெதுவா" என்றார். "நீங்க சும்மா இருங்க சாமி, இது எனக்கும் அவளுக்கும்" என்றேன்.

அடுத்த வாரம் போர் நின்றுவிட்டது. மோட்டார் ஓடுகிறது, காற்றுதான் வருகிறது. சித்திரை வெயில். கேட்டது வலியை எடு என்று, அவள் எடுத்தது தண்ணீரை. எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுச் சாமி படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். கோயில் பக்கமே போகவில்லை. வேறு வழியில்லாமல் சுமதி பிடித்து வந்த குழாய்த் தண்ணீரைக் குடித்தேன். அவள் செம்பை விளிம்பு வரை நிரப்பி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அது திட்டுவதைவிட எரிந்தது.

ஆடி மாதம் ஒரு நாள் ஆட்டுக்குட்டி வேலியில் மாட்டிக்கொண்டு கத்தியது. எழுந்து போய் எடுத்துவிட்டுத் திரும்பினேன். பாதி வழியில்தான் உறைத்தது. சுவரைப் பிடிக்கவில்லை. கட்டிலைப் பிடிக்கவில்லை. அந்த இடத்திலேயே நின்று என் கையைப் பார்த்தேன்.

ரிக் வேலைக்கு வடக்கே போயிருந்த மகன் அந்த வாரம் வந்தான். போரை இன்னும் ஆழப்படுத்தலாம், வண்டி சொல்லிவிட்டேன் என்றான். அப்போதுதான் சுகாதார நர்ஸ் ஒரு பெண், குழந்தைகளின் பல்லைப் பார்க்க எங்கள் தெருவுக்கு வந்தாள். எங்களைப் போலப் போர்த் தண்ணீர் குடிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. என் பேத்திக்கு வெள்ளைப் பல்.

"இந்தப் பாப்பா எந்தத் தண்ணிங்க குடிக்குது?"

"குழாய்த் தண்ணிங்க. அத்தைதான் போர்த் தண்ணி குடிச்சாங்க" என்றாள் சுமதி.

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, தாடைய நெஞ்சுல தொடுங்க பாக்கலாம்." முடியவில்லை. "கையப் பின்னந்தலைக்குக் கொண்டு போங்க." முடியவில்லை. "குனிஞ்சு கால் வெரலத் தொடுங்க." சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எத்தன வருசமா போர்த் தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டாள். என் வயதைக் கேட்காமல் இதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

தொட்டியில் மிச்சம் இருந்த தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். ஃப்ளோரைடு குடிக்கக்கூடிய அளவைத் தாண்டி இருந்தது. வருடக்கணக்கில் குடித்தால் எலும்பில் ஏறும், மூட்டை இறுக்கும், ஆளைச் சோரவைக்கும் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து அதையே சொன்னார்கள். இறுகிய எலும்பு இளகாது, ஆனால் தண்ணீரை மாற்றியதால் வலியும் அசதியும் குறையும் என்றார்கள். குறைந்தது. கழுத்தும் கொஞ்சம் குனிந்தது. ஆத்தூரில் ஏன் குறைந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

வண்டி வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். படத்தை நேராகத் திருப்பி வைத்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுத வேண்டும், அப்படித்தான் எல்லோரும் எழுதுவார்கள். நான் என் வீட்டுக்காரரை நினைத்து அழுதேன். அவரும் எட்டு வருடம் அதே தண்ணீரைக் குடித்தார். முதுகு வளைந்துபோய்க் கட்டிலோடு கிடந்தார். "முடியலீடி" என்பார். "கட்டுலு தேயுது, எந்திரிச்சு ஆட்டப் பாருங்க" என்பேன். அவரைச் சோம்பேறி என்று முதலில் சொன்னது ஊர் இல்லை, நான். நான்கு வருடத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. சுமதியிடம் கேட்டேன். "உடுங்கத்தை, நானும்தான் பேசுனேன்" என்றாள். அவ்வளவுதான். நாங்கள் இன்னும் சண்டை போடுகிறோம், ஆனால் இதற்காக இல்லை.

ஆத்தா என் பேச்சைக் கேட்டாள். நான் நினைத்த மாதிரி கேட்கவில்லை, அவ்வளவுதான். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததையே பிடுங்கி எறிந்தாள். குடித்தே தீருவேன் என்று மஞ்சள் துணி கட்டியவளை வேறு எப்படி நிறுத்துவது? நம்புங்கள். கோபம் வந்தால் அவளிடம் சண்டையும் போடுங்கள், தாங்குவாள். ஆனால் அவள் கொடுத்தது என்று நாமே பெயர் வைத்த தண்ணீரை ஒரு தரம் சோதித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஒரு கிழவனோ கிழவியோ முடியவில்லை என்றால், அதைக் காதில் வாங்குங்கள்.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் ஒரு குடம் குழாய்த் தண்ணீர் அபிஷேகத்துக்குக் கொண்டுபோகிறேன். "மருந்து வாடை அடிக்குதும்மா" என்றார் பூசாரி. "ஊத்துங்க சாமி, அவளும் அந்தப் போர்த் தண்ணியில பன்னெண்டு வருசம் நனஞ்சிருக்கா" என்றேன்.

அவர் ஊற்றும்போது தலையைக் குனிகிறேன். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இன்னும் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. திமிர் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் எவ்வளவு தூரம் குனிந்து வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.